முதல் நாள் பாடாத பாட்டு: லினக்ஸும் எம்பி3-யும் பதினைந்து ஆண்டுகளும்

விண்டோஸுக்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு விட்டுப்போனவர்கள் பலரிடம் காரணம் கேட்டிருக்கிறேன். அதன் உட்கருவான கெர்னல் பிடிக்கவில்லை என்று யாரும் சொன்னதில்லை, கட்டளைகளைத் தட்டும் டெர்மினலைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்று சொன்னவர்கள்கூடக் குறைவுதான். அதிகம் வந்த பதில் "பாட்டு பாடலைப்பா". அடுத்தபடியாக "கல்யாண வீடியோல சத்தம் வருது, படம் வரல". புதிதாக வருகிறவருக்குக் கணினி என்றாலே ஏற்கெனவே தன்னிடம் இருக்கிற பாட்டும் படமும் கடிதமும்தான். அவை திறக்கவில்லை என்றால் மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தும் அவருக்குப் பயனில்லை. இந்த இடத்தில் லினக்ஸ் உலகம் எங்கே தடுமாறியது, எப்படிச் சரிசெய்துகொண்டது என்று பார்க்க எம்பி3-யைவிட நல்ல நிகழ்வு எனக்குத் தெரியாது. 2002-ல் தொடங்கி 2017 வரை இழுத்த விவகாரம் அது.

எனக்கு இது உறைத்தது மாமா வீட்டில்தான். 2006 வாக்கில் இருக்கும். வைரஸ் ஏறி ஊர்ந்துகொண்டிருந்த ஒரு பழைய டெஸ்க்டாப், அதில் அப்போது புழக்கத்தில் இருந்த ஒரு லினக்ஸ் வழங்கலை, அதாவது தேவையான நிரல்களோடு சேர்த்துக் கட்டிய ஒரு லினக்ஸ் தொகுப்பைப் போட்டுக் கொடுத்தேன். பிரின்டர் ஓடியது, தமிழ் எழுத்து உடையாமல் தெரிந்தது, கணினி பழையபடி சுறுசுறுப்பானது, மாமாவுக்கு ஏக சந்தோஷம். அப்புறம் உள்ளே போய் ஒரு சீடியை எடுத்துவந்தார். அந்தக் காலத்து எம்பி3 சீடியை நினைவிருக்கிறவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்: 128 கிலோபிட்டில் சுருக்கினால் ஒரு நிமிடப் பாட்டு ஏறக்குறைய 1 எம்பி, நாலரை நிமிடப் பாட்டு நாலரை எம்பிக்குள் அடங்கிவிடும், 700 எம்பி சீடி ஒன்றில் நூற்றைம்பது பாட்டு. இளையராஜா பாட்டு மட்டும் என்று தேடித் தேடிச் சேர்த்த சீடி. போட்டு, இரட்டைக் கிளிக் செய்தார். பிளேயர் திறந்தது, ஒரு சின்னப் பெட்டி ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது, அவ்வளவுதான்.

"என்ன மாப்ளே, இதுல பாட்டே கேக்க முடியாதா?"

வீட்டில் இணையம் கிடையாது. அடுத்த வாரம் தேவையானதை எடுத்துவந்து சரிசெய்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன், நான் திரும்பிப் போவதற்குள் தெருமுனைக் கடைக்காரர் பழைய விண்டோஸையே திரும்பப் போட்டுவிட்டார். மாமா கோபப்படவில்லை, "நல்லாத்தான் இருந்துச்சு, பாட்டு மட்டும்தான்" என்றார். அந்த "பாட்டு மட்டும்தான்" ஏன் நடந்தது என்று தேடப் போய்த்தான் இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது.

தரநிலை வேறு, கட்டற்றது வேறு

எம்பி3 என்பது எம்பெக்-1 தரநிலையின் ஒலிப்பகுதி, 1993-ல் சர்வதேசத் தரநிலையாக வெளிவந்தது. அதன் உருவாக்கத்தில் பெரும்பங்கு ஜெர்மனியின் எர்லாங்கன் நகரத்தில் உள்ள ஃபிரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனத்துக்கு உண்டு. கோப்புப் பெயருக்குப் பின்னால் வரும் எம்பி3 என்ற ஒட்டை 1995 ஜூலை 14 அன்று அங்கே இருந்தவர்கள்தான் முடிவுசெய்தார்கள். சர்வதேசத் தரநிலை என்றால் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம், அது சரியல்ல. ஆவணத்தை யாரும் வாங்கிப் படிக்கலாம், ஆனால் அதில் சொல்லியுள்ள உத்திகளுக்குக் காப்புரிமை இருந்தது, அந்த உரிமத்தை விற்கும் வேலையை தாம்சன் நிறுவனம் பார்த்தது.

1998 செப்டம்பரில் ஃபிரான்ஹோஃபர் தரப்பிலிருந்து இலவச எம்பி3 என்கோடர் (ஒலியை எம்பி3-ஆகச் சுருக்கும் நிரல்) எழுதியவர்களுக்குக் கடிதம் போனது, உரிமம் வாங்குங்கள் என்று. அதற்கு எதிர்வினையாக வந்தவற்றில் ஒன்று ஆக் வோர்பிஸ் என்ற ஒலி வடிவம். அதை உருவாக்கிய கிறிஸ் மான்ட்கோமரி அதற்கு முன்பே ஒலிச்சுருக்கத்தில் கைவைத்துக்கொண்டுதான் இருந்தார், கடிதத்துக்குப் பிறகு அது முழுமூச்சான வேலையானது. 2002 ஜூலையில் வோர்பிஸ் 1.0 வெளிவந்தது, காப்புரிமைக் கட்டணம் இல்லை, நிரலோ யாரும் தாராளமாகப் பயன்படுத்த விடும் பிஎஸ்டி உரிமத்தில். இன்னொரு பக்கம் அதே 1998-ல் தொடங்கிய லேம் என்ற என்கோடர், தன்னை மூலநிரலாக மட்டும் வெளியிட்டுக்கொண்டது. இயங்கும் கோப்பாகத் தொகுத்துக் கொடுக்கும் சிக்கலை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு அது.

2002 ஆகஸ்டில் தாம்சனின் உரிமப் பக்கத்தில் இருந்த வாசகம் மாறியது. இலவசமாகத் தரப்படும் மென்பொருள் டிகோடர்களுக்கு (சுருக்கியதை விரித்துப் பாட வைக்கும் நிரல்களுக்கு) விலக்கு என்று எல்லோரும் புரிந்துகொண்டிருந்த வரியைக் காணவில்லை. கொள்கை மாறவில்லை என்று தாம்சன் சொன்னது, ஆனாலும் லினக்ஸ் வட்டாரத்தில் பதற்றம் அடங்கவில்லை. அடுத்த மாதம், செப்டம்பர் 30-ல் ரெட் ஹேட் நிறுவனத்தின் வழங்கலான ரெட் ஹேட் லினக்ஸ் 8.0 வந்தபோது அதில் எம்பி3 இல்லை. எக்ஸ்எம்எம்எஸ் பிளேயர் இருந்தது, எம்பி3 கோப்பைக் கொடுத்தால் காப்புரிமை உரிமச் சிக்கலால் இந்த வசதி நீக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெட்டி வரும்.

அந்தப் பதிப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சாதாரணப் பயனருக்காக ரெட் ஹேட் நிறைய மெனக்கெட்ட பதிப்பு அது. புளூகர்வ் என்ற பெயரில் க்னோம், கேடிஈ என்ற இரண்டு டெஸ்க்டாப் சூழல்களுக்கும் ஒரே முகம் கொடுத்தார்கள், எழுத்துருக்கள் மழமழவென்று தெரிந்தன, மெனுக்கள் புரிகிற மாதிரி இருந்தன. கண்ணுக்கு இவ்வளவு செய்துவிட்டு, உட்கார்ந்து பத்தாவது நிமிடத்தில் எவரும் செய்யப்போகிற ஒரு காரியத்தை எடுத்துவிட வேண்டிய நிலைக்கு அவர்கள் வந்தார்கள் என்பதுதான் எனக்கு இன்றும் வருத்தம்.

பணம் கட்டியிருக்கலாமே?

இதை எல்லோரும் கேட்பார்கள், நானும் கேட்டேன். டிகோடர் ஒன்றுக்கு 75 அமெரிக்க சென்ட், ரெட் ஹேட் போன்ற நிறுவனத்தால் முடியாதா? பிரச்சினை தொகையில் மட்டும் இல்லை. அப்போது புழக்கத்தில் இருந்த பிளேயர்களில் பல, மூலநிரலோடு யாரும் பகிரலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் வந்தவை. ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் 7-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், உங்களிடமிருந்து நிரலைப் பெறுகிறவர் யாருக்கும் ராயல்டி கட்டாமல் அதை மறுபடி பகிரக் காப்புரிமை உரிமம் இடம்கொடுக்கவில்லை என்றால், நீங்கள் அதை வழங்கவே கூடாது. ரெட் ஹேட் தன் பிரதிகளுக்குப் பணம் கட்டினாலும், அந்தச் சீடியை நகலெடுத்து நண்பருக்குக் கொடுக்கிற கல்லூரி மாணவருக்கு அந்த உரிமம் போகாது. எத்தனை நகல் வெளியே இருக்கிறது என்று எண்ணவும் வழியில்லை. எண்ண முடியாதபடி பரவுவதுதானே கட்டற்ற மென்பொருளின் இயல்பே, அதன் மீது பிரதிக்கு இவ்வளவு என்ற கணக்கை எப்படி வைப்பது?

ஆகவே ரெட் ஹேட் எடுத்த முடிவு தவறு என்று நான் சொல்லமாட்டேன். அமெரிக்காவில் பதிவான, வழக்குப் போட்டால் பணம் வரும் என்று தெரிகிற அளவுக்குப் பெரிய நிறுவனம் அது, வேறு வழியில்லை. தன்னார்வலர்கள் நடத்தும் டெபியன் என்ற வழங்கல் எம்பி3 டிகோடர்களை வைத்துக்கொண்டே இருந்தது, என்கோடரைத்தான் நெடுங்காலம் வெளியே நிறுத்தியது.

நம் ஊர்ப் பக்கம் இருந்து பார்த்தால் இதில் இன்னொரு கோணம் இருக்கிறது. இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணினி நிரல் என்ற அளவில் எதற்கும் காப்புரிமை இல்லை என்கிறது. அதே காலத்தில்தான் அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தது. ஆனால் மாமாவின் மேசைக்கு வந்த சீடி அமெரிக்கச் சட்டத்தை மனதில் வைத்து அடுக்கப்பட்டது, உலகம் முழுவதற்கும் ஒரே சீடி. யாருடைய சட்டம் யாருடைய பாட்டை நிறுத்தியது என்று யோசித்தால் எனக்கு இப்போதும் ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது.

நாங்கள் சொன்ன தவறான யோசனை

அப்போது ஆர்வலர்கள் நாங்கள் எல்லோரும் ஒரு பதில் வைத்திருந்தோம்: எல்லாவற்றையும் ஆக் வோர்பிஸுக்கு மாற்றிவிடுங்கள். நல்ல நோக்கம்தான், வோர்பிஸும் தரத்தில் குறைந்ததல்ல, அதே அளவுக் கோப்பில் எம்பி3-க்கு ஈடுகொடுக்கும், பல நேரம் மேலாகவே இருக்கும். ஆனால் ஏற்கெனவே நூற்றைம்பது எம்பி3 வைத்திருக்கிறவரிடம் இதைச் சொன்னது பிழை, அதில் இரண்டு கோளாறுகள் இருந்தன. எம்பி3 செய்யும்போதே காதுக்கு எட்டாது என்று கணித்த விவரங்கள் தூக்கி எறியப்படுகின்றன, போனது போனதுதான். அதை விரித்து மறுபடி வோர்பிஸாகச் சுருக்கினால் இரண்டாவது முறையும் விவரம் போகும், முதல் சுருக்கத்தின் கறைகளும் சேர்ந்தே வரும். கட்டற்ற வடிவம் கிடைக்கும், பாட்டு முன்னைவிட மங்கலாகும். அடுத்தது இன்னும் அடிப்படையானது, எம்பி3-யை வோர்பிஸாக மாற்ற முதலில் எம்பி3-யைப் படிக்க வேண்டும், அந்தக் கணினியில் இல்லாதது அதுதானே!

மாற்றிய பிறகும் கதை முடியாது. தெருவில் வாங்கிய டிவிடி பிளேயர், பேருந்து ஓட்டுநர் வைத்திருக்கும் பெட்டி, அக்கா மகனின் கைபேசி, இதில் எத்தனை ஆக் கோப்பைப் பாடும்? பாட்டு என்பது கைமாறுகிற பொருள். ஒருவர் மட்டும் வடிவத்தை மாற்றிக்கொண்டால் அவர் மற்றவர்களிடமிருந்து துண்டாகிப் போவார். புதிதாகப் பதிவு செய்கிறவரிடம், சொந்தமாகச் சீடியிலிருந்து எடுக்கிறவரிடம் வோர்பிஸையோ, விவரம் இழக்காமல் சுருக்கும் ஃபிளாக்கையோ சொல்லியிருக்க வேண்டும். பழைய சேமிப்பு வைத்திருப்பவருக்கு அதை அப்படியே பாட வைத்துக் கொடுத்திருக்க வேண்டும். இரண்டையும் நாங்கள் குழப்பிக்கொண்டோம்.

பெட்டியை யார் எப்படித் திறந்தார்கள்

ரெட் ஹேட், பிறகு 2003 நவம்பரில் அதன் வழியில் வந்த ஃபெடோரா, இரண்டையும் பயன்படுத்தியவர்கள் வெளியே இருந்த மென்பொருள் களஞ்சியங்களை நம்பினார்கள். லிவ்னா, ஃபிரெஷ்ஆர்பிஎம்ஸ் என்று சில இருந்தன, அவற்றில் சில ஒன்றுசேர்ந்து 2008-ல் ஆர்பிஎம் ஃபியூஷன் ஆனது. தெரிந்தவருக்கு ஐந்து நிமிட வேலை. தெரியாதவருக்கோ, முன்பின் கேள்விப்படாத தளத்திலிருந்து எதையோ எடுத்து, கணினியின் முழு அதிகாரம் கொண்ட ரூட் கணக்கின் கடவுச்சொல் போட்டு, டெர்மினலில் ஒரு நீண்ட வரியை அடிக்க வேண்டும், அதுவும் லினக்ஸில் அவர் செய்யும் முதல் காரியமாக. இணையம் இல்லாத வீட்டில் அதுவும் நடக்காது.

அந்த ஆண்டுகளில் ஜிஸ்ட்ரீமர் என்ற ஊடக நூலகம் தன் செருகுநிரல்களை (கூடுதல் வசதி சேர்க்கும் துணை நிரல்களை) நல்லது, கெட்டது, அசிங்கமானது என்று பெயரிட்ட மூட்டைகளாகப் பிரித்து வைத்திருந்தது. கெட்டது என்றால் இன்னும் பக்குவப்படாத நிரல். அசிங்கமானது என்றால் நிரல் நன்றாகவே இருக்கிறது, வழங்குவதில் உரிமச் சிக்கல் இருக்கலாம். எம்பி3 அந்த மூன்றாவது மூட்டையில். நிரலாளர்களுக்கு மிகத் தெளிவான பிரிவு, இன்றும் நான் மதிக்கிறேன். ஆனால் பாட்டு கேட்க வந்தவரிடம் "அசிங்கமான செருகுநிரலை நிறுவுங்கள்" என்றால் அவர் என்ன நினைப்பார்?

இதில் எனக்குப் பிடித்த மாற்றம் 2007 ஏப்ரலில் உபுண்டு என்ற வழங்கலின் 7.04 பதிப்பில் வந்தது. தெரியாத வடிவத்தில் ஒரு கோப்பைத் திறந்தால் பிளேயரே கேட்கும்: இதற்குத் தேவையான கோடெக் (இந்த வடிவத்தைச் சுருக்கி விரிக்கும் நிரல்) இங்கே இல்லை, தேடட்டுமா? தேடி, சட்டக் கட்டுப்பாடு இருக்கலாம் என்ற எச்சரிக்கையைக் காட்டி, சம்மதித்தால் நிறுவிப் பாடவும் வைக்கும். எம்பி3 சீடியில் சேர்க்கப்படவில்லை, சட்டநிலை மாறவில்லை. மாறியது ஒன்றே ஒன்று, "முடியாது" என்று சொல்லிக்கொண்டிருந்த பெட்டி "இப்படிச் செய்யலாமா" என்று கேட்க ஆரம்பித்தது. அதே ஆண்டு நவம்பரில் ஃபெடோரா 8 கோடெய்னா என்ற உதவியாளரோடு வந்தது. கட்டற்ற வடிவங்கள் ஏன் நல்லவை என்று அது விளக்கும், பிறகு பார்சிலோனாவின் ஃபுளூயண்டோ நிறுவனம் உரிமம் வாங்கி இலவசமாகக் கொடுத்த எம்பி3 டிகோடரைக் காட்டும். நேர்மையான முயற்சி. ஆனாலும் பாட்டுக்காகக் காத்திருக்கும் ஒருவரிடம் முதலில் கொள்கையைப் பேசுவது சரியான வரிசை என்று நான் நினைக்கவில்லை, பாட்டு ஓடட்டும், பேச்சு பிறகு.

2006-ல் தொடங்கிய லினக்ஸ் மின்ட் வேறு வழியில் போனது, எல்லாக் கோடெக்கும் உள்ளேயே. அமெரிக்கா, ஜப்பான் போன்ற இடங்களில் விநியோகிப்பவர்களுக்குக் கோடெக் இல்லாத தனிப் பிரதி. மின்ட்டைப் போட்டால் எல்லாம் ஓடும் என்ற பெயர் அதற்கு வந்ததில் இந்த முடிவுக்குப் பெரிய பங்கு இருப்பதாக நினைக்கிறேன், நான் புதியவர்களுக்கு மின்ட்டைக் கொடுக்கத் தொடங்கியதும் அதனால்தான். 2010 அக்டோபரில் உபுண்டு 10.10 நிறுவியிலேயே கோடெக்கையும் சேர்த்துப் போட ஒரு டிக் பெட்டி வைத்தது, 2016-ல் மின்ட்டும் கோடெக்கை உள்ளே வைப்பதை நிறுத்திவிட்டு அதே டிக் பெட்டி முறைக்கு வந்தது. அந்த ஒரு டிக்கைத் தவறவிடாமல் இருக்கச் சொல்வதுதான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் வேலை.

காலம் தீர்த்தது

காப்புரிமைக்கு ஆயுள் உண்டு. 2016 நவம்பரில் ஃபெடோரா 25 எம்பி3 டிகோடரைத் தன் களஞ்சியத்திலேயே, எம்பிஜி123 நூலகத்தின் வழியாகக் கொண்டுவந்தது. 2017 ஏப்ரல் 23-ல் டெக்னிகலர், அதாவது பெயர் மாறிய அதே தாம்சன், உரிமத் திட்டத்தை முடித்துக்கொண்டது. மே மாதம் என்கோடரும் ஃபெடோராவுக்குள் வந்துவிட்டது. அப்போது உலகப் பத்திரிகைகள் பலவும் எம்பி3 இறந்துவிட்டது என்று எழுதின. நான் அன்றைக்குப் பார்த்தவர்களிடமெல்லாம் அப்படியில்லை, இன்றைக்குத்தான் அதற்கு விடுதலை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதோடு பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று நினைத்தவர்களுக்கு 2022-ல் ஒரு நினைவூட்டல் வந்தது. ஃபெடோரா 37 வந்த சமயத்தில், மெசா வரைகலை இயக்கியில் எச்.264, எச்.265 என்ற வடிவங்களில் உள்ள வீடியோக்களை வரைகலைச் சில்லு வழியே விரிக்கும் வன்பொருள் முடுக்கத்தை ஃபெடோரா நீக்கியது, காரணம் அதே காப்புரிமைதான். படம் ஓடாமல் போகாது, ஆனால் மென்பொருள் வழியே ஓடினால் மடிக்கணினி சூடாகும், பேட்டரி இறங்கும். எச்.264-க்கு ஒரு வழியை 2013-லேயே சிஸ்கோ காட்டியிருந்தது. தன் ஓபன்எச்264 நிரலைத் திறந்து வைத்து, தான் வழங்கும் பிரதிகளுக்கான உரிமத்தொகையைத் தானே கட்டுகிறது. எச்.265-க்கு அப்படி யாரும் முன்வரவில்லை. புதிய ஐபோன்கள் 2017 முதல் அமைப்பை மாற்றாவிட்டால் எச்.265-ல்தான் வீடியோ எடுக்கின்றன, ஆகவே இன்றைய மாமாக்களுக்கு நிற்பது பாட்டு அல்ல, வெளிநாட்டில் இருக்கும் பேரன் தவழும் வீடியோ.

நல்ல செய்தியும் இருக்கிறது, அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி. வோர்பிஸ் குடும்பத்தின் வாரிசான ஓபஸ் என்ற ஒலி வடிவம் 2012-ல் இணையத் தரநிலையானது, வாட்ஸ்அப்பில் நாம் அனுப்பும் குரல் செய்தி ஓபஸ்தான், அது அடைபட்டு வரும் பெட்டி பழைய ஆக். வடிவத்தை மாற்றுங்கள் என்று நாங்கள் கெஞ்சிய காலத்தில் நடக்காதது, யாரிடமும் கேட்காமலே எல்லோர் கைபேசிக்கும் வந்து சேர்ந்துவிட்டது. வீடியோவில் 2018-ல் வந்த ஏவி1 அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்த பிறகு, விண்டோஸ் 11 ஏறாத கணினிகளைத் தூக்கிக்கொண்டு நிறையப் பேர் கேட்டு வருகிறார்கள். இப்போது நான் எதையும் நிறுவுவதற்கு முன்னால் அவர்களுடைய பென் டிரைவைக் கேட்கிறேன். கணினியில் நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் யுஎஸ்பியில் ஏற்றி, அவர்கள் கண்ணெதிரே ஒரு பாட்டு, கல்யாண டிவிடியிலிருந்து ஒரு கோப்பு, கைபேசியில் எடுத்த ஒரு வீடியோ, ஒரு வாட்ஸ்அப் குரல், நான்கையும் திறந்து பார்க்கிறேன். எது ஓடவில்லையோ அதற்கு என்ன வேண்டும் என்று குறித்துக்கொண்டு, நிறுவும்போதே டிக் பெட்டியைப் போட்டு, தேவைப்பட்டால் ஃபிளாட்பேக் என்ற பொதி முறையில் விஎல்சி பிளேயரையும் சேர்த்துவிடுகிறேன், அது தனக்கு வேண்டிய டிகோடர்களைக் கூடவே கொண்டுவரும். இணையம் இல்லாத வீட்டுக்குப் போவதென்றால் எல்லாப் பொதிகளையும் முன்கூட்டியே இறக்கி எடுத்துப் போகிறேன். ஏன் இதைத் தனியாகப் போட வேண்டியிருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, "இதை எழுதத் தெரியாமல் விடவில்லை, சில நாடுகளில் இதற்குப் பணம் கேட்பார்கள், அதனால் உங்களிடம் கேட்டுவிட்டுப் போடுகிறார்கள்" என்று சொல்கிறேன். இதுவரை யாருக்கும் இது புரியாமல் போனதில்லை.

மாமாவின் மடிக்கணினியில் இப்போது மின்ட் இருக்கிறது. அந்தச் சீடி கீறல் விழுந்து பாதிக்கு மேல் படிக்கவில்லை, மிஞ்சிய அறுபத்து சொச்சம் பாட்டை எடுத்து அதில் போட்டுக் கொடுத்தேன். முதல் பாட்டு தொடங்கியதும் அவர் சீடி உறையின் பின்பக்கத்தில் தன் கையெழுத்தில் இருந்த பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டு, எதெல்லாம் காணோம் என்று ஒவ்வொன்றாக வாசிக்க ஆரம்பித்துவிட்டார்.